மடக்கிய பெருவிரல்

என் வலது கைப் பெருவிரல் மையில் பதிந்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். கையெழுத்தை ஆங்கிலத்தில் சுழித்துப் போடுகிறவன். ஊரார் விரல்களையெல்லாம் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி எடுத்துக்கொண்டிருந்த என்னையே விரல் வைக்கச் செய்தவர் ஒரு கூழ்க்கடைக்கார அம்மாள். அதற்குப் பிறகு பஸ் கம்பெனி வேலை எனக்கு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. அவர்மேல் கோபமா என்று கேட்டால், ரொம்ப நாள் இருந்தது. இப்போது இல்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "எதுக்கு?" என்றார். எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன். ஊரில் எல்லாருக்கும் அவர் கூழ்க்காரி. நான் அக்கா என்று கூப்பிட்டேன். அதையும் அவர் முதலில் நம்பவில்லை. "என்ன வேணும், அக்காங்கீங்க?" என்றுதான் கேட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் கோவில்பட்டியில் ஒரு பஸ் முதலாளியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது எங்கள் பக்கம் ஓடியதெல்லாம் தனியார் பஸ்கள்தான். ஒரு வழியில் புதிதாக பஸ் விட வேண்டுமென்றால் அனுமதிக்கு மனுப் போட வேண்டும். அந்த வழியில் இருக்கும் ஊர்க்காரர்கள், எங்களுக்கு இந்த பஸ்தான் வேண்டும் என்று மகஜர் கொடுத்தால் மனுவுக்குப் பலம். சில சமயம் அதிகாரியே ஊருக்கு வந்து ஜனங்களைக் கேட்பதும் உண்டு. அப்படி ஊர்ஜனங்களின் அபிப்பிராயத்தைத் திரட்டிக் கொண்டுவருவதுதான் என் வேலை. அபிப்பிராயம் முதலிலேயே எழுதித் தயாராக என் தோள்பையில் இருக்கும். நான் போய் விரல்களை மட்டும் வாங்கி வர வேண்டும்.

புதூருக்கு பஸ் விடுவதற்கு எங்கள் முதலாளியும் போட்டி போட்டார், இன்னொரு கம்பெனிக்காரரும் போட்டி போட்டார். எங்கள் பஸ் நீலம், அவர்களுடையது சிவப்பு. வழியில் ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று சரள்மண் மேட்டோடு நேராகப் போவது. இன்னொன்று கரிசலுக்குள் இறங்கி, ஓர் ஊருக்குள் நுழைந்து, சுற்றிக்கொண்டு திரும்ப மேட்டுக்கு வருவது. அந்த ஊரின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறவர்கள் இருக்கலாம். பாதை பிரிகிற அந்த மேட்டு விலக்கிலிருந்து ஊருக்கு இரண்டு மைல் நடை.

எங்கள் முதலாளி கேட்டது மேட்டு வழியை. ஜனங்கள்மேல் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். கரிசலில் இறங்கினால் பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டை ஒடியும் என்ற பயம். சிவப்பு பஸ்காரர் ஊருக்குள்ளேயே வருவதாக எழுதிக் கொடுத்திருந்தார்.

முதலாளி என்னிடம் சொன்னார்: "ஏலே, வழியப் பத்தி வாயத் தெறக்காத. பஸ்ஸு வேணும்னு வாசி. அவ்வளவுதான்."

விலக்கில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் மூன்று கல், ஒரு பானை, ஓலைச் சாய்ப்பு. அதுதான் அவர் கடை. கம்மங்கூழும் மோரும், கடித்துக்கொள்ள வெங்காயமும் மோர்மிளகாயும். சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள் அங்கேதான் மாட்டை அவிழ்ப்பார்கள். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நான் கூழ் குடித்தேன். குடித்து முடித்ததும் பையிலிருந்து மகஜரை எடுத்தேன். காகிதம் வெளியே தலைகாட்டியதும் அக்கா வலது கையை மூடிக்கொண்டார். மற்ற நாலு விரலும் பெருவிரலை உள்ளே வைத்து இறுக்கிக்கொண்டன. கோழி குஞ்சை மூடுகிற மாதிரி. காகிதம் வெளியே இருந்தவரை அந்தக் கை திறக்கவே இல்லை. இடது கையாலேயே அகப்பையைப் பிடித்துப் பானையைக் கிண்டினார்.

"என்ன காயிதம்?"

"பஸ் வருததுக்கு, அக்கா. ஊரே வைக்கப் போகுது, பாருங்க."

"வாசிங்க."

நான் விரலை ஓட்டியபடி வாசித்தேன். மகா கனம் பொருந்திய சமூகத்துக்கு, மேற்படி ஊர்க் குடிகள் பணிவுடன் எழுதிக்கொண்டது, எங்களுக்கு பஸ் வசதி இல்லாதபடியால், என்று ராகம் போட்டுப் போய், சரள் மேட்டு வழியாகவே, ஊருக்குள் வராமல், என்ற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு விரலைக் கீழே இறக்கினேன்.

"நில்லுங்க," என்றார். "வெரலு ரெண்டு வரி எறங்கிருச்சு. வாயி ஒண்ணும் சொல்லலியே?"

எழுத்து வாசனையே இல்லாத அம்மாள். நான் வாசிப்பதை அவர் கேட்கவே இல்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் காது மடல் சூடேறியது. "அது சும்மா, எல்லா மகஜர்லயும் வரும்," என்று மழுப்பினேன்.

"சும்மாவா? சும்மான்னா அழிச்சிருங்க," என்றார். அதற்குமேல் அவரிடம் நிற்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்விட்டேன்.

அவருடைய சந்தேகம் காகிதத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தால் தப்பு. உப்பு மூட்டை வந்தால் மேலே கைவைக்க மாட்டார். அடியில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைப்பார். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கொடுத்த நோட்டீஸை இடுக்கியால் பிடித்து அடுப்பில் போடுவார். மழை வரும் என்று யாராவது சொன்னால், "யாரு சொன்னா?" என்பார். மேகத்தைக் காட்டினாலும், "அது எங்கன போகுதோ," என்பார். உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு புதூர்ச் சந்தைக்குப் போகும் சாயபு ஒருவர் அங்கே வழக்கமாக இறங்குவார். கோவில்பட்டி பஜாரில் கடை வைத்திருந்த பெரிய மனிதர். அவர் சொல்வார்: "ஊரே பிறை பாத்தாச்சுன்னு சொன்னாலும் இந்தத் தாயி நம்பாது தம்பி. தானே மேட்டுல ஏறிப் பாத்துட்டுத்தான், நாளைக்குப் பெருநாளான்னு என்னக் கேக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பே வராது. "நீங்க பாத்தியளா?" என்று அவரையே திருப்பிக் கேட்பார்.

சாயபுதான் எனக்கு அந்தப் பெருவிரலின் கதையைச் சொன்னார். ஒரு கார்த்திகை மாதம் அக்காவின் புருஷனுக்கு வயிற்றோட்டம். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். அடைமழை. ஊரைத் தாண்டியதும் ஓடைக்கரைக் கரிசலில் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. மாட்டை அவிழ்த்து, நாலு பேர் சேர்ந்து ஆளைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கி, முழங்கால் சேற்றில் மேட்டுக்கு ஏற்றினார்கள். மேட்டில் தரை கெட்டியாக இருந்தது. ஆனால் அவர் அங்கேயே போய்விட்டார். பதினாறு முடிவதற்குள் கொழுந்தன் ஒரு காகிதத்தோடு வந்து, "சாவு எழுதணுமாம் மதினி, விரல் வைங்க," என்றான். வைத்தார். அது சாவு எழுதுகிற காகிதம் இல்லை. புருஷன் பங்கு நிலத்தைக் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுத்த காகிதம். பிறகுதான் மேட்டில் கூழ்க்கடை.

கேட்டபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தொழில் வேறு, பாவம் வேறு. எனக்கு அவர் விரல் வேண்டும். இன்னும் சொன்னால், எனக்கு அவர்மேல் சந்தேகமே வந்துவிட்டது. ஊரில் எல்லாரும் வைக்கும்போது இவர் மட்டும் ஏன் வைக்கவில்லை? சிவப்பு பஸ்காரன் இவரைக் கையில் போட்டுக்கொண்டானோ? ஒருநாள் தூரத்திலேயே சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். நினைத்தது சரி, சிவப்புக் கம்பெனி ஏஜெண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனதும் அவன் முகத்தைப் பார்த்தேன். என் முகம் அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"இவியளும் ஒரு வரியத் தாண்டிட்டாக," என்றார் அக்கா என்னிடம், ஏதோ இரண்டு பேரும் ஒரே கம்பெனி மாதிரி.

அவன் தாண்டிய வரி எது என்று எனக்குத் தெரியும். மழை மாதங்களில் பஸ் ஓடாது என்று அவர்கள் மகஜரின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஊரில் மற்றவர்கள் விஷயம் அப்படி இல்லை. அந்தக் கரிசல்காட்டு ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெயிலில் வீடு தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், கேட்டால் விரலும் கொடுப்பார்கள். நான் போனேன், எனக்கு வைத்தார்கள். மறுவாரம் சிவப்புக்காரன் போனான், அவனுக்கும் வைத்தார்கள். யார் மனதையும் நோகடிக்கக் கூடாது பாருங்கள். கிராம முன்சீப்பே இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதிகாரி வந்த அன்றுதான் வெளிப்பட்டது.

புரட்டாசி மாதம். மழை இன்னும் தொடங்கவில்லை. அதிகாரி திருநெல்வேலியிலிருந்து ஜீப்பில் வந்தார். கரிசல் வழியாகவே ஊருக்குள் ஓட்டச் சொன்னார். தரை பாளம் பாளமாக வெடித்து இரும்பாகக் கிடந்தது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜம்மென்று வந்து சாவடி முன்னால் நின்றது. எங்கள் முதலாளியின் முகம் விழுந்துவிட்டது.

சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அதிகாரி இரண்டு மகஜரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "இந்த ஊர்ல எல்லாரும் பஸ் ஊருக்குள்ள வரணும்னும் கேட்டிருக்கீங்க, வரக்கூடாதுன்னும் கேட்டிருக்கீங்க. எதை நான் எடுத்துக்கிடணும்?" என்றார்.

முன்சீப் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் கேட்டாக, அய்யா," என்றார் கடைசியில்.

"இந்த ரெண்டுலயும் கை வைக்காத ஆள் யாராவது உண்டா?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. பெண்கள் நின்ற ஓரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். வலது கை மூடியிருந்தது.

"நீ சொல்லும்மா. உனக்கு எந்த வழி வேணும்?"

"அய்யா புரட்டாசியில வந்திருக்கிய," என்றார் அக்கா. "யாரு வரச் சொன்னா?"

அதிகாரி சிரித்துவிட்டார். "யாரும் சொல்லல. என் வேலை, வந்தேன்."

"சரி. எறங்கி வாங்க."

பக்கத்தில் நின்ற பெண்களிடம் இரண்டு குடம் தண்ணீர் வாங்கி, ஊர் எல்லையில் வண்டித் தடத்தில் கொட்டினார். காலால் மிதித்துக் குழைத்தார். பிறகு ஒதுங்கி நின்று, "ஜீப்ப விடச் சொல்லல. அய்யா கால மட்டும் வையுங்க," என்றார். அதிகாரி பூட்ஸ் காலை வைத்தார். எடுத்தார். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. காலுறையோடு ஒற்றைக் காலில் நின்று கூட வந்த டவாலிச் சேவகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் கெக்கலி கொட்டினார்கள். நல்ல மனிதர், அவரும் சிரித்தார்.

"ரெண்டு கொடத்துக்கு இந்தக் கூத்து," என்றார் அக்கா. "ஐப்பசி கார்த்திகையில இது பூராவும் இப்படிக் கெடக்கும். பஸ்ஸு மேட்டு வழியே போகட்டும். ஊருக்குள்ள வர வேண்டாம்."

கூட்டம் கொதித்துவிட்டது. "ஏட்டி, வாசலுக்கு வார பஸ்ஸ வேண்டாங்கியே, நீ இந்த ஊருக்காரிதானா?" என்று கத்தினார் முன்சீப். "விலக்குல கடை வச்சிருக்கவ வேற எப்பிடிச் சொல்லுவா?" என்றது இன்னொரு குரல். அந்தக் குரல் கேட்டதும் அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். அந்தக் கணக்கு அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். உலகத்தையே சந்தேகப்பட்டவர், தன்னையும் ஒருவர் சந்தேகப்படக்கூடும் என்று யோசித்திருக்கவில்லை.

ஆனால் பேச்சை மாற்றவில்லை. "வெயில்ல ரெண்டு மைலு நடக்க நமக்குக் காலு இருக்கு. படுத்துக் கெடக்கவனுக்கு மழையிலதான் பஸ்ஸு வேணும். விலக்குல ஒத்த ஆளு நின்னாலும் நிக்கணும், மழைன்னு சொல்லி நிறுத்தப்படாது. அத எழுதுங்க அய்யா." அதிகாரி எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னார் அக்கா. வாசித்தார். விரல் வைக்கச் சொன்னபோது மட்டும், "வாயால சொன்னேன். எல்லாரும் கேட்டாக. வெரல் வைக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டார். அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார்.

அனுமதி எங்கள் முதலாளிக்கு வந்தது.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். அனுமதி வந்த அன்று ஆபீஸில் லட்டு. முதலாளி என் முதுகில் தட்டி, "அந்தக் கூழ்க்காரிய எப்பிடிலே மடக்குன?" என்று கேட்டார். கண்டக்டர் வேலை கேட்டு வந்திருந்த முன்சீப்பின் மருமகன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் மடக்கவில்லை, அந்த அம்மாள் என் விரல் இரண்டு வரி தாண்டியதைப் பிடித்தவர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. "நீ பொழச்சுக்கிடுவலே," என்றார் முதலாளி. அந்த மாதமே என்னை டிக்கெட் செக்கராக ஆக்கினார்.

அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கூழ்க்காரிக்குக் காதில் பாம்படம் செய்து போட்டார்களாம். ஆயுசுக்கும் பஸ்ஸில் ஓசியாம். விலக்கில் அவளுக்கு ஓட்டுக் கட்டடத்தில் காப்பிக்கடை வரப்போகிறதாம். ஆளுக்கொரு கதை. எல்லாக் கதைக்கும் அடியில் என் சிரிப்பு.

வாழைமரம் கட்டி, மாலை போட்டு, பஸ் முதல்நாள் புறப்பட்டது. விலக்கில் நிறுத்தி அக்காவிடம் எல்லாரும் மோர் குடிக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. போய் நின்றோம். வேப்பமரம் இருந்தது. சாய்ப்பைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கரி படிந்த மூன்று கல் மட்டும் கிடந்தது. பஸ் வருகிற நாளுக்கு முந்தின நாளே அவர் கடையை எடுத்துவிட்டார்.

பிறகு அவரை நான் பஸ்ஸில்தான் பார்த்தேன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் போலவே இரண்டு மைல் நடந்து விலக்குக்கு வந்து ஏறுவார். பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் ஊர்ப் பெண்கள் உட்கார மாட்டார்கள், நின்றுகொண்டே வருவார்கள். டிக்கெட்டை வாங்கியதும் என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு?" என்பார். நான் வாசிப்பேன். ஓசிப் பயணம் என்று சொன்னவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "அது கண்துடைப்பு," என்றார்கள்.

"கடையை ஏன் எடுத்தீங்க, அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அங்கன இருந்தா நான் சொன்னது கடைக்காகச் சொன்னதுன்னு ஆயிரும்."

"இப்பவும் அப்படித்தானே சொல்லுதாங்க?"

"சொல்லுதாக," என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "பொய்யின்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்லா?"

நான் அடுத்த சீட்டுக்கு டிக்கெட் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தக் கார்த்திகையில் அடைத்துக்கொண்டு பெய்தது. சிவப்பு பஸ் தன்னுடைய மற்ற கரிசல் வழிகளில் எல்லாம் நின்றுபோனது. எங்கள் பஸ் மேட்டோடு ஓடியது. ஒரு காலையில் விலக்கில் கயிற்றுக் கட்டிலோடு ஏழெட்டுப் பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். கட்டிலில் முன்சீப். மூச்சுத் திணறல். இடுப்பளவு சேற்றில் தூக்கி வந்திருக்கிறார்கள். கடைசி சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். பஸ் இல்லையென்றால் அன்றைக்கு அவர் கதை முடிந்திருக்கும் என்று டாக்டரே சொன்னாராம்.

நான் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். இனிமேல் அக்காவைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

உடம்பு தேறிய முன்சீப் ஒருநாள் தாலுகா ஆபீஸுக்குப் போக பஸ் ஏறினார். பஸ் நிறைய ஊர்ஜனம். அக்காவும் இருந்தார். முன்சீப் நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, "வாங்குனாலும் ஊரு நல்லதுக்குத்தான் வாங்கியிருக்கா. அவ பொழச்சுப் போகட்டும், இனிமே யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார். ஜனங்கள் தலையாட்டினார்கள். ஒரு பெண் நகர்ந்து வந்து அக்காவின் பக்கத்தில்கூட உட்கார்ந்தாள்.

அக்கா எழுந்துவிட்டார். கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்கு என்ன குடுத்த?"

அன்றுவரை நீங்க என்றுதான் பேசுவார்.

"ஒண்ணும் குடுக்கலக்கா," என்றேன்.

"பொறத்தால இருக்கவியளுக்குக் கேக்கல."

"ஒண்ணும் குடுக்கல!" என்று சத்தம் போட்டேன்.

முன்சீப் சிரித்தார். "குடுத்தவன் எங்கயாவது ஒத்துக்கிடுவானா?" பஸ்ஸே சிரித்தது. டிரைவர்கூடச் சிரித்தார். கூட்டத்தில் முன்சீப்பின் மருமகனும் இருந்தான். அவன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோவில்பட்டியில் இறங்கியதும் அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகவில்லை. என் பின்னாலேயே டைம் கீப்பர் அறைக்கு வந்தார். வேடிக்கை பார்க்க முன்சீப்பும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். "வாய்ப்பேச்ச இவிய நம்பமாட்டாக. எழுது," என்றார் அக்கா. காகிதத்தைக் கண்டால் கையை மூடுகிறவர் காகிதம் கேட்கிறார். நான் ஒரு தாளைக் கிழித்து, இந்த அம்மாளுக்கு நானோ என் முதலாளியோ எதுவும் கொடுத்ததில்லை, அவர் எதுவும் வாங்கியதுமில்லை என்று எழுதி, விரலை ஓட்டி வாசித்தேன். இந்தத் தடவை ஒரு வரியும் தாண்டவில்லை.

"அந்தச் சிரிப்பு எங்க?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது.

"மொதலாளி கேட்டாராம், நீ சிரிச்சியாம். முன்சீப் மருமகன் வந்து சொன்னான். ஒண்ணும் இல்லன்னா எதுக்குச் சிரிச்ச? அத எழுது."

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது எனக்கு. செக்கர் வேலை அந்தச் சிரிப்பில் வந்த வேலை. இதை எழுதிக் கொடுத்தால் முதலாளி காதுக்குப் போகாமல் இருக்காது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. முதலாளி கேட்டபோது நான் இல்லை என்று சொல்லாமல் சிரித்தேன், அந்தச் சிரிப்பு பொய், என்று எழுதினேன். அடியில் ஆங்கிலத்தில் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"இது என்ன, கோழி கிண்டுன மாதிரி? எனக்குத் தெரியாது. வெரல வை."

மைப்பெட்டி மேஜைமேல்தான் இருந்தது. எத்தனையோ பேர் விரலைப் பிடித்து அழுத்தியிருக்கிறேன். என் விரலை நானே அழுத்த என்னவோ செய்தது. வைத்தேன்.

அதோடு விட்டாரா? தாளை வாங்கிக்கொண்டு நேராக பஜாருக்கு நடந்தார். சாயபு கடைக்கு. நான் எழுதியதை நானே வாசித்தால் எப்படி நம்புவது? நானும் பின்னால் போனேன், முன்சீப்பும் வந்தார். சாயபு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். அக்கா குனிந்து அவர் விரலையே பார்த்தார். சிரிப்பு என்ற இடம் வந்தபோது சாயபு ஒரு கணம் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். நான் கருவாட்டுக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசித்து முடிந்தது. முன்சீப், "அப்ப நெசமாவே ஒண்ணும் வாங்கலயா?" என்றார். குரலில் ஏமாற்றம் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்து, "ம். வெரலும் வாயும் ஒண்ணாத்தான் போகுது," என்றார்.

என் விரல் மை இன்னும் காயவில்லை. அது கலைந்துவிடக் கூடாது என்று தாளை மடிக்காமல், வலது கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் நடந்தார். அந்தப் பெருவிரலை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். சாதாரண விரல்தான். குச்சி அடுக்கி அடுக்கி நுனி காய்த்துப்போயிருந்தது.